எண்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே

ஜூன் 2, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கிளினிக் போய் வருவதற்குள் வாய், மூக்கு, காது எல்லாம் புழுதி. நிறை 97.5.

எழுதச் சொன்னது கிளினிக்கில் இருக்கிற தாதி மிஸ். வாய்க்குள் போவது எல்லாவற்றையும் கொப்பியில் எழுத வேண்டுமாம், ஒரு சின்னத் தேங்காய்த் துண்டு என்றாலும். "ஒளிக்காம எழுதணும் ஐயா. நீங்க ஒளிச்சா தராசு சொல்லிப்போடும்." நாற்பத்தேழு வயது மனிசனுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

விஷயம் இதுதான். தங்கச்சி கலாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பதினான்கு மாதமாகக் கிழமைக்கு இரண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும், மெசினில் படுக்க வைத்து இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அவள் புருஷன் ரவியின் இரத்தம் பொருந்தவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம். என்னுடையது பொருந்துகிறது, சிறுநீரகம் ஒன்று நான் கொடுக்கலாம். ஆனால் டொக்டர் என் வயிற்றைத்தான் பார்த்தார். "எண்பத்திரண்டுக்குக் கீழ வாங்க. அதுக்குப் பிறகுதான் கண்டிக்கு எழுதுவன், ஒப்பரேசனுக்கு." பதினைந்தரைக் கிலோ. கிட்டத்தட்ட கால் மூடை நெல்.

இரண்டு கொப்பி. மிஸ்ஸுக்குக் காட்ட நீலக் கொப்பி, அதில் சாப்பாடு மட்டும். இது உரக்கடைக்காரன் தந்த பழைய டயறி, ஒரு பக்கமும் எழுதாமல் கிடந்தது. மற்றதெல்லாம் இதில். இதை ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

வாசுகி சொன்னாள், "ஊராக்கள்ற நெல்ல நிறுத்தது காணாம இப்ப சோத்தையும் நிறுக்கப்போறாரு எண்ட மனிசன்." சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் அழுதாள். நான் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

கா: பாண் 2 துண்டு, பருப்பு, சீனி போடாத பிளேன்டீ.
ப: சோறு ஒரு கோப்பை (மிஸ் காட்டிய அளவு. எங்கள் வீட்டில் அந்தக் கோப்பையில் ஊறுகாய்தான் வைப்பது). கீரை. கீரி மீன் 2.
இ: குரக்கன் ரொட்டி 1. சம்பல் இல்லை.

பசி. வேறு ஒன்றும் எழுத வரவில்லை. பசி, பசி.

மில்லில் ஒருவரும் வருமுன் நெல் நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தராசில் மற்றவர்களுடைய மூடையை ஏற்றுகிறேன், நான் ஏறியது இன்றுதான். 97. சாரத்துக்கும் சேட்டுக்கும் அரைக் கிலோ கழித்தேன், சாக்குக்குக் கழிக்கிற மாதிரி. மூடை தூக்குகிற யோகன் பின்னால் நின்றிருக்கிறான். "அண்ணன், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிற?" நன்றாக ஏசிவிட்டேன். பாவம், பகிடிக்குத்தான் கேட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

சித்தாண்டி. வாசுகியின் மாமி வீட்டில் சாமத்தியச் சடங்கு. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாமி அகப்பையோடு முன்னால் வந்து நின்றாள். "என்ன தம்பி, எங்கட வீட்டுச் சோறு உங்களுக்குச் செமிக்காதோ?" பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. தங்கச்சிக்கு இப்படி, நான் மெலிய வேண்டும் என்று எத்தனை பேருக்கு விளக்குவது. உட்கார்ந்தேன்.

நீலக் கொப்பியில்: சோறு ஒரு கோப்பை, மரக்கறி.
உண்மை: சோறு இரண்டு தரம், கோழி, கத்தரிக்காய்ப் பால்கறி, கடைசியில் எருமைத் தயிரும் சீனியும்.

ருசியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து நெடுநேரம் என்னை நானே ஏசினேன்.

ஜூன் 16, திங்கள்

95. மிஸ் நீலக் கொப்பியைப் பார்த்து "கெட்டித்தனம் ஐயா" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது.

டொக்டர் மிஸ்ஸைப்போல் சிரிக்கிற ஆள் இல்லை. கலாவின் கழுத்தில் போட்டிருக்கிற குழாயில் மறுபடியும் கிருமி. மூன்றாவது தரம். இப்படியே இழுக்க ஏலாது, ஆகஸ்ட் முடிவதற்குள் என் நிறை இறங்கினால் நல்லது என்றார். இறங்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

கலாவைப் போய்ப் பார்த்தேன். காய்ச்சல். அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான். இந்தக் காற்றில், இந்தப் புழுக்கத்தில். ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். "உங்களுக்குச் சோறு இல்ல, எனக்குத் தண்ணி இல்ல. அம்மா நல்லாத்தான் பெத்துப்போட்டிருக்கா ரெண்டையும்" என்றாள். அவளுக்கு எப்போதும் இந்த வாய் இருக்கிறது. அவள் மகளுக்குப் பதினொரு வயது. கதிரையில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தது.

ஜூன் 28, சனி

93.5. பத்து நாளாக ஒரு பிடி அரிசி அளவுகூட இறங்கவில்லை. காலையில் வயல் வட்டை வரம்பால் ஒரு மணித்தியாலம் நடக்கிறேன். என்னைத் துரத்துகிற நாய்கள்தான் மெலிந்தன.

பின்னேரம் கலா வீடு. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். அவள் கல்யாணத்துக்கு முன் அப்பாவும் நானும் கல் சுமந்து கட்டியது அது. வளவில் கிணற்றடியில் பிலிம்பி மரம், தண்டு முழுக்கக் குலைகுலையாகக் காய். அப்படியொரு புளிப்பு, மீன்கறிக்கு நாலு போட்டால் காணும். மிச்சமெல்லாம் விழுந்து அழுகும்.

கலா ஒரு பை நிறையப் பிடுங்கி வைத்திருந்தாள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான். "போன்ல பார்த்தநான் அண்ணன். இதைச் சாறு பிழிஞ்சு வெறுவயித்தில குடிச்சா கொழுப்பெல்லாம் கரையுமாம். முன்வளவு டீச்சரும் குடிச்சு அஞ்சு கிலோ இறங்கினவ. எனக்குத்தான் பழம், காய் ஒண்டும் ஏலா. நீங்க குடிங்க. டொக்டரிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

சொன்னால் ஏசுவார் என்று எனக்கும் தெரியும். போன வருஷம் யாரோ அவளுக்கு வேர் அவித்துக் கொடுத்ததற்கு டொக்டர் ரவியை வார்டில் எல்லோருக்கும் முன்னால் வைத்து ஏசினார். நீலக் கொப்பியில் இதை எழுதுவதில்லை. காய்ச்சாறு சாப்பாடும் இல்லையே.

ஜூலை 2, புதன்

பி.சா. (பிலிம்பிச் சாறு) காலையில் ஒரு கிளாஸ். இருபது காய், கிரைண்டரில் அடித்து வடித்தது. தண்ணீர் விடுவதில்லை, விட்டால் வேலை செய்யாதாம். பல் கூசிப் பாண்கூடக் கடிக்க முடியவில்லை. அதுவும் நல்லதுதான்.

92.

ஜூலை 8, செவ்வாய்

90. தொண்ணூறு. தராசை ஒரு தரம் தட்டிவிட்டு மறுபடியும் ஏறினேன், அதே தொண்ணூறு. யோகன் சொன்னான், "அண்ணன், இப்பிடியே போனா உங்களச் சாக்குக்குள்ள போட்டுத் தூக்கலாம்." சிரித்தேன். கன நாளைக்குப் பிறகு.

கலாவை மெசினுக்குக் கூட்டிப்போனது நான். குழாயை மெசினில் பூட்டுமுன் என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "தாடை தெரியுது. கல்யாணத்தில இருந்த மாதிரி." பக்கத்துக் கட்டில்காரிக்கும் காட்டினாள், "எண்ட அண்ணன். எனக்குத் தரப்போற ஆள்." அந்த மனிசி என்னைக் கும்பிட்டாள். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இன்னொரு பை காய் தந்தாள்.

ஜூலை 14, திங்கள்

88. காலையில் சத்தி. மத்தியானமும். விக்கல் தொடங்கினால் நிற்பதில்லை. மூடை ஏற்றும்போது, கதைக்கும்போது, படுத்தாலும்.

சத்தி எடுத்ததில் எனக்குச் சந்தோசம்தான் என்று இங்கே எழுதலாம். வயிற்றில் இருந்தால் நிறை, வெளியே போனால் நிறை இல்லை. வாசுகி, "இது நல்லதுக்கில்ல, கிளினிக்கில சொல்லுங்க" என்றாள். இன்னும் ஆறு கிலோ, வாயை மூடு என்றேன்.

சிறுபோக அறுவடை தொடங்கிவிட்டது. கிரான் பக்கத்திலிருந்து உழவு மெசின் பெட்டிகளில் நெல் வந்தபடி இருக்கிறது. ஒருவன் ஈர நெல்லைக் காய்ந்த நெல்லோடு கலந்து கொண்டுவந்தான். கையில் அள்ளியதுமே பிடித்துவிட்டேன். என்னிடம் அது நடக்காது.

ஜூலை 19, சனி

89.5.

ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. எப்படி. நேற்றுத் தின்றது: கஞ்சி அரைக் கோப்பை, பப்பாசிப்பழம் இரண்டு துண்டு. அவ்வளவும்தான். தராசு பிழை என்று ஐம்பது கிலோப் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு சரி. பிழை நான்தான். நித்திரையில் எழுந்து தின்கிறேனோ என்று வாசுகியிடம் கேட்டேன். பயந்துபோய்ப் பார்த்தாள்.

அவமானம். டொக்டருக்கு என்ன சொல்வது. கலாவுக்கு என்ன சொல்வது.

பி.சா. காலை ஒன்று, பின்னேரம் ஒன்று. கஞ்சியும் நிறுத்தம்.

ஜூலை 22, செவ்வாய்

91.5. சாப்பாடு எதுவும் இல்லை. பி.சா. மூன்று கிளாஸ்.

செருப்பு கொள்ளவில்லை. வாசுகி கால்மாட்டில் இருந்து, "காலைப் பாருங்க, விரலால அமத்தினா குழி விழுகுது" என்றாள். நாள் முழுக்க மில்லில் நிற்பதால் என்றேன். ஒன்றுக்குப் போவதும் குறைந்துவிட்டது, முந்தநாளிலிருந்து சரியாகப் போகவில்லை. குடித்தால்தானே போக.

விக்கல். எழுத்துக் கோணல்.

ஜூலை 27, ஞாயிறு

ஆஸ்பத்திரி. டயறியை வாசுகி கொண்டுவந்து தந்தாள்.

புதன்கிழமை மில்லில் விழுந்திருக்கிறேன், மூடைகளுக்கு மேலே. யோகனும் இன்னும் இரண்டு பேருமாகத் தூக்கி வந்திருக்கிறார்கள். கலாவுடைய அதே டொக்டர். இரத்தம் பார்த்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் கட்டிலில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. "போன மாதம் உங்கட சிறுநீரகம் திறமா இருந்தது. இப்ப ரெண்டும் வேல செய்யுதில்ல. என்ன குடிச்சீங்க?"

ஒன்றும் இல்லை என்றேன்.

வாசுகி கொண்டுவந்திருந்த நீலக் கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். பாண் 2, கீரை, சோறு ஒரு கோப்பை. விரல் வைத்து வரி வரியாக. எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்று மிஸ்ஸிடம் சொன்னார், நெல்லுக்குள் நிற்கிற ஆள்தானே. அதற்கு ஊசி தொடங்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று நாள் அப்படியே கிடந்தேன், அவர்கள் இல்லாத வருத்தத்துக்கு ஊசி போட, நான் பார்த்துக்கொண்டு.

நேற்று மத்தியானம் சொல்லிவிட்டேன். எத்தனை காய், எத்தனை நாள், தண்ணீர் விடாமல், எல்லாம். டொக்டர் ஏசவில்லை. "அந்தப் புளிப்பு உள்ளுக்குப் போய்க் கல்லுக் கல்லாப் படிஞ்சு அடைச்சிருக்கு. நீங்க நிறை எண்டு நினைச்சது தண்ணி. வெளிய போக வழியில்லாம உடம்பில நிண்ட தண்ணி."

ஈர நெல்லை அள்ளியதும் பிடிக்கிறவன் நான்.

ஜூலை 28, திங்கள்

இன்று என்னையும் மெசினில் போட்டார்கள். கலா வழமையாகப் படுக்கிற கட்டிலுக்கு எதிர்க் கட்டில். மூன்றரை மணித்தியாலம். குளிர், தலை சுற்றல், கால் கெண்டை பிடித்து இழுத்தது. இதைத்தான் அவள் பதினாறு மாதமாகப் பகிடி விட்டுக்கொண்டு செய்கிறாள்.

முடிந்த பிறகு டொக்டரிடம் கேட்டேன், இது தேறிவிட்டால் கொடுக்கலாம்தானே. "மெசின் இல்லாம இருக்கிற அளவுக்குத் தேறலாம். குடுக்கிற கதை முடிஞ்சுது."

இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன், டொக்டருக்கும் வாசுகிக்கும். கலாவுக்குக் காய் விஷயம் தெரியக்கூடாது. அவளுக்கு எலிக்காய்ச்சல் என்றே இருக்கட்டும். டொக்டர் தலையாட்டினார், ஆனால் குடும்பத்தில் வேறு யாரும் அதைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வாசுகிதான் கொதித்தாள். "பிடுங்கிப் பிடுங்கி அனுப்பினது அவ. என்னை வாயை மூடெண்டுறீங்க." காய்ச்சல் விட்ட கையோடு எழும்பி எனக்காகப் பிடுங்கினவள் அவள், அவளுக்கு இதைச் சொல்லிக் கொல்லப்போகிறாயா என்று கேட்டேன். வாசுகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டுக்கு விட்டார்கள். மெசின் ஆறு தரம். இனி மாத்திரை, உப்பில்லாத கறி, கிழமைக்கொரு தரம் இரத்தம்.

போகுமுன் மிஸ் தராசில் ஏற்றினாள். 81.8. எழுதும்போது அவள் கை கொஞ்சம் நின்றது.

கலா வாசலுக்கு வந்திருந்தாள். எலிக்காய்ச்சலை நம்பிவிட்டாள். என் தோளைத் தடவித் தடவி அழுதாள். "எனக்கு ஒண்டும் வேணா அண்ணன். நீங்க உயிரோட வந்ததே காணும்." நான் எலிகளை ஏசினேன். பொய் சொல்வது எனக்கு இப்போது நன்றாக வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை கலா போன் எடுத்தாள். குரலே வேறு. கிரானில் இருக்கிற சின்னம்மாவின் மகன் சசி தருகிறேன் என்றானாம். இரத்தமும் பொருந்துகிறதாம். உழவு மெசின் ஓட்டுகிற பொடியன், நல்ல மனம். இருபத்தைந்தாம் திகதி, திங்கள், கிளினிக்கில் முழுசாகப் பார்க்கப்போகிறார்கள்.

எனக்கும் உயிர் வந்தது. அப்போது சொன்னாள், "அவனும் தொண்ணூறு கிலோ அண்ணன். முந்தநாள் ரெண்டு பை காய் குடுத்து விட்டன். உங்களுக்கு நல்லா வேல செஞ்சதுதானே."

போனை வைத்துவிட்டுச் சசிக்கு எடுத்தேன். குடிக்காதே என்றேன். "ஏன் அண்ணன்? நேத்தும் இண்டைக்கும் குடிச்சன். டொக்டர் ஏசுவாரு எண்டு அக்கா முதலே சொன்னவ." டொக்டருக்காக இல்லை, கூடாது, கொட்டிவிடு என்றேன். சிரிக்கிறான். "நீங்க குடிச்சுத்தானே இறங்கின?" வேறு வழி இருக்கவில்லை. எலிக்காய்ச்சல் இல்லையடா, அந்தச் சாறுதான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "அக்காக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

அவன் சொல்லி அவள் இதை அறியக்கூடாது. ஓட்டோ பிடித்துப் போனேன். குசினியில் கிழங்கை வெட்டித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

"எத்தின பை அனுப்பினநான்?"

"அத விடு."

"ஒன்பது. ஒருத்தரையும் தொடவிடல்ல, நானே பிடுங்கினது." கொஞ்சம் பொறுத்து, "ஏன் எனக்குச் சொல்லல்ல?"

நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன் என்றேன்.

"மெசினில கிடக்கிறதத் தாங்குறன். அண்ணன் சொல்லியிருந்தா இதையும் தாங்கியிருப்பன். அந்தப் பொடியனுக்குக் குடுத்திருக்கமாட்டன்."

அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சசி மட்டக்களப்புக்கு வந்து சோதனைக்கு இரத்தம் கொடுத்தான். இரண்டு நாள் குடித்ததுதான், ஒரு கெடுதியும் இல்லை என்றார் டொக்டர். கலா மெசினில் படுத்தபடி அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். "அதெல்லாம் ஒண்டுமில்ல அக்கா, திங்கள் வாறன்" என்றான். என் கால்களை இரண்டு தரம் பார்த்தான். வீக்கம் இன்னும் முழுசாக வற்றவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

காற்று விழுந்துவிட்டது, ஒரே புழுக்கம். ஏழரைக்கே கலாவும் ரவியும் நானும் கிளினிக் வாசலில். சசிக்கு எட்டு மணி சொல்லியிருந்தது.

எட்டு. எட்டரை. கிரான் பஸ் இரண்டு வந்து போனது. போன் எடுத்தால் வேலை செய்யவில்லை. மிஸ் இரண்டு தரம் அவன் பெயரைக் கூப்பிட்டாள். ரவி றோட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான். பத்து மணிக்குச் சின்னம்மாவுக்கு எடுத்தேன். முதல் அழுகைதான் கேட்டது. "மனே, அவன் வாறன் எண்டுதான் நிண்டவன். நான்தான் விடல்ல. எனக்கு ஒரு புள்ளதான் இரிக்கி. உனக்கு நடந்ததக் கேட்ட பிறகு நான் எப்பிடி விடுவன், நீயே சொல்லு."

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, இங்கே எல்லாம் பார்த்துத்தான் செய்வார்கள் என்று விளக்கினேன். திரும்பத் திரும்ப. என் குரலை நானே நம்பவில்லை. கலா போனை என் கையிலிருந்து எடுத்தாள். "சரி சின்னம்மா. அழாதீங்க. அவன ஏசவும் வேணா. ஓம். ஓம், நான் நல்லா இரிக்கன்." வைத்துவிட்டு, எங்கள் நம்பர்த் துண்டை மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ரவி சுவரில் சாய்ந்து நின்றான். நான் டொக்டரோடு ஒரு தரம் கதைத்துப் பார்க்கிறேன், வேறு சொந்தத்தில் யாரையாவது கேட்கிறேன் என்று என்னவெல்லாமோ சொன்னேன். உடைந்துபோய் அழுதும் விட்டேன், அத்தனை சனத்துக்கு முன்னால்.

கலா என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். "இனி ஒருத்தரிட்டயும் கேக்க வேணா அண்ணன். வாங்க, பஸ்ஸ விட்டா அடுத்தது பன்னிரண்டுக்குத்தான். நாளைக்கு எனக்கு மெசின், வெள்ளன வந்து கூட்டிப் போங்க."

ஓம் என்றேன்.